பேரளவு வானூர்தி மாதிரியுரு

பேரளவு வானூர்தி மாதிரியுரு என்பது, முன்பு பறந்த ஒரு வானூர்தியைக் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சுருக்கி, அதன் உள்ளமைப்பு உட்பட நுணுக்கமாக மீள உருவாக்கிய உருவம் ஆகும். கடைகளில் விற்கப்படும் நெகிழிப் பாகத் தொகுப்புகளை ஒட்டி முடிப்பது இதில் அடங்காது. மரம், தகடு, கம்பி, பிசின் முதலிய மூலப்பொருள்களிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் அமைப்பாளரே வரைந்து, வெட்டி, வளைத்துப் பொருத்துகிறார். இம்முறை அடிமுதல் கட்டமைத்தல் எனப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போர்வானூர்திகளே இதற்கு மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரே மாதிரியுருவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் செலவிட்டவர்களும் உள்ளனர்.

இது பொழுதுபோக்குக் கலைகளுள் ஒன்றாகவே பொதுவாக வகைப்படுத்தப்படுகிறது. எனினும் இதில் பெரும்பகுதி கைவேலை அன்று. அந்த வானூர்தி உண்மையில் எவ்வாறு இருந்தது என்பதைக் கண்டறியும் ஆய்வே ஆகும். பழைய போர்வானூர்திகளுள் பல வகைகள் உலகில் ஒன்றிரண்டே எஞ்சியுள்ளன. சில அடியோடு அழிந்துவிட்டன. அத்தகைய வானூர்திக்குச் சான்றுகளைத் தேடி அமைக்கப்படும் மாதிரியுரு, அதனைப் பற்றிய ஆவணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. சான்றின்றி ஊகத்தால் அமைக்கப்படுவது எவ்வளவு அழகாக இருப்பினும் பொம்மை மட்டுமே.

பின்னணி

வானூர்தி மாதிரியுருக்கள் போருடன் நெருங்கிய தொடர்பு கொண்டவை. 1930களில் ஐக்கிய இராச்சியத்தில் 1/72 என்னும் அளவு விகிதம் பரவலாயிற்று. இவ்விகிதத்தில் ஆறு அடி உயர மனிதன் ஓர் அங்குல உயரமாகிறான். இரண்டாம் உலகப் போரின்போது வானத்தில் தோன்றும் வானூர்தி தம்முடையதா, பகைவருடையதா என்று நொடியில் அறியப் படைவீரர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்காக ஐக்கிய அமெரிக்கக் கடற்படை 1942 இல் பள்ளி மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர மாதிரியுருக்களைச் செய்து தருமாறு கேட்டது. அவையும் 1/72 விகிதத்திலேயே அமைந்தன. அத்தகைய ஒன்றை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை வானூர்தியை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பார்ப்பது போன்று இருக்கும். புற உருவம் சரியாக இருந்தால் அப்பயிற்சிக்குப் போதும். உள்ளே என்ன இருந்தது என்பது எவருக்கும் தேவைப்படவில்லை.

உள்ளமைப்புடன் கூடிய பேரளவு மாதிரியுரு அதற்கு நேர்மாறானது. 1/15, 1/16 முதல் 1/5 வரையுள்ள விகிதங்கள் இதில் கையாளப்படுகின்றன. அர்ச்சென்டினாவில் பிறந்த கில்லெர்மோ ரோகாசு பசான் 1/15 விகிதத்தில் அலுமினியத் தகடு கொண்டு அமைத்த வானூர்திகளும், ஹொனலுலு நகரப் பல் மருத்துவர் யங் பார்க் 1/16 விகிதத்தில் அமைத்த மசுடாங்கு, கோர்செயர் வானூர்திகளும் இத்துறையில் புகழ் பெற்றவை. பார்க்கின் வானூர்திகளில் விமானியறையிலுள்ள சிறு கட்டுப்பாட்டுத் தண்டை அசைத்தால் இறக்கையின் ஓரமடிப்புகள் அசைகின்றன. பல் மருத்துவரின் நுண்கருவிகள் பழகிய கைக்கு இது பொருத்தமான வேலைதான்.

இந்தியாவில் போர்வானூர்தியின் உருவம் ஒன்று மரத்தில் அமைக்கப்பட்ட முதன்மையான நிகழ்வு பொழுதுபோக்காக நிகழ்ந்ததன்று. செருமானியப் பொறியாளர் குர்ட் டாங்கு வடிவமைத்த எச்.எப்-24 மாருத் தாரை வானூர்தியைக் கட்டும் முன்னர், பெங்களூரில் இருந்த இந்துசுத்தான் வானூர்தி நிறுவனம் அதே உருவில், முழு அளவில், பொறியற்ற மர மிதவை வானூர்தி ஒன்றை அமைத்தது. எக்சு-241 எனப்பட்ட இது 1959 இல் டக்கோட்டா வானூர்தியால் இழுத்துச் செல்லப்பட்டு வானில் விடுவிக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டது. மாருத் 1961 சூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. அங்கே வானூர்திக்கு முன்னதாக மாதிரியுரு பிறந்தது. இக்கட்டுரை கூறும் மாதிரியுருக்களோ, வானூர்தி மறைந்த பின்னர்ப் பிறப்பவை.

டேவிட் கிளெனின் ஸ்பிட்ஃபயர்

இக்கலையின் எல்லையைக் காட்டுவதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஆங்கிலேயரான டேவிட் கிளென் 1/5 விகிதத்தில் அமைத்த சூப்பர்மரைன் ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகை ஆகும். இதற்கு அவர் பதினோராண்டுகளுக்கு மேல் செலவிட்டார். இது இலண்டனின் எண்டன் பகுதியிலுள்ள அரச வான்படை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

ஸ்பிட்ஃபயர் ஆர். ஜே. மிட்செல் என்பவரால் வடிவமைக்கப்பட்டு 1936 மார்ச்சு 5 அன்று முதன்முதலாகப் பறந்த ஒற்றை இருக்கைப் போர்வானூர்தி. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஒன்பதாம் வகையின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், நீளம் ஏறத்தாழ 9.47 மீட்டர். எனவே கிளெனின் மாதிரியுருவின் இறக்கை வீச்சு 2.25 மீட்டர், நீளம் 1.9 மீட்டர் என்றாகிறது. ஒரு கட்டிலை விடப் பெரியது.

மாதிரியுருவின் உட்கரு பால்சா மரத்தாலானது. அதன்மேல் அச்சகங்களில் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தப்பட்டுள்ளது. தகடுகளை இணைக்கும் தறையாணிகள் (ரிவிட்) உண்மையானவை. அவற்றுள் பல, துளையிட்டு மரத்துக்குள் செருகப்பட்டவை; பல, மெய்யாகவே தகடுகளைப் பிணைப்பவை. அவற்றைத் துல்லியமாக எண்ணியதில்லை என்றும், குறைந்தது 19,000 இருக்கலாம் என்றும் கிளென் குறிப்பிட்டுள்ளார்.

இதில் வண்ணம் பூசப்படவில்லை. கட்டமைப்பு நன்கு தெரியும் வண்ணம் உலோகத்தை அப்படியே விட்டுவிடலாம் என்ற கருத்தை அருங்காட்சியகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் மைக்கேல் ஃபாப் கூறினார். இது துணிவான முடிவு. வண்ணப்பூச்சு பல பிழைகளை மறைக்கக்கூடியது. வெற்று உலோகத்தில் ஒரு தகடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒளி அவ்விடத்தில் முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கைத்திறனைக் காட்டிலும் கவனிக்கத் தக்கது அவர் சான்று திரட்டிய முறை. சூப்பர்மரைன் நிறுவனத்தின் வரைபடங்களும் பராமரிப்பு நூல்களும் அவருக்கு அடிப்படையாக அமைந்தன. அத்துடன், ஸ்பிட்ஃபயர்கள் இன்றும் பறக்கும் டக்சுபோர்டு வானூர்தித் தளத்தில் தன்னார்வத் தொண்டராகப் பணிபுரிந்தபோது, மூடிகள் கழற்றப்பட்டிருந்த வேளைகளில் அவர் எண்ணற்ற ஒளிப்படங்களை எடுத்துக்கொண்டார். பின்னர் இதே விகிதத்தில் மசுடாங்கு வானூர்தி ஒன்றையும் அவர் அமைத்தார்.

சான்றுகளைத் திரட்டுதல்

நூல்களிலும் இதழ்களிலும் காணப்படும் மூன்று பார்வை வரைபடங்கள் (மேல், பக்கம், முன்) மாதிரியுரு அமைக்கப் போதியவை அல்ல. அவற்றுள் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று வரையப்பட்டவை. முதலில் வரைந்தவரின் பிழை பின்வந்தோர் அனைவரிடமும் தொடர்கிறது. மேலும் சில கூறுகளை அவை காட்டுவதே இல்லை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்ட வடிவினது என்பது பலரும் அறிந்தது. அவ்விறக்கை முறுக்கப்பட்டது என்பதோ பலர் அறியாதது. உடலுடன் சேரும் இடத்தில் அது 2 பாகை மேல்நோக்கியும், முனையில் அரைப் பாகை கீழ்நோக்கியும் அமைந்துள்ளது. இம்முறுக்கினால், வேகம் குறையும்போது இறக்கையின் அடிப்பகுதியே முதலில் ஏற்றத்தை இழக்கிறது. இறக்கை அதிர்ந்து விமானியை எச்சரிக்கிறது. மேலிருந்து வரையப்பட்ட படத்தில் இந்த இரண்டரைப் பாகை தெரியாது. அதை அறியாமல் தட்டையான இறக்கையை அமைத்தவர், அந்த வானூர்தியின் புகழுக்குக் காரணமான பண்புகளுள் ஒன்றை விட்டுவிட்டவர் ஆகிறார்.

தொழிற்சாலை வரைபடங்கள் கிடைத்தால் பேறு. ஆயினும் வரைபடத்தில் உள்ளபடியே எல்லாம் கட்டப்பட்டது என்று கொள்ள இயலாது. 1940 செப்டம்பரில் சவுத்தாம்ப்டன் நகரின் வுல்சுடன் பகுதியில் இருந்த சூப்பர்மரைன் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தபோது, உற்பத்தி சுற்றுவட்டார ஊர்களின் வண்டிக் கொட்டகைகளுக்கும் சலவை நிலையங்களுக்கும் பிரித்தளிக்கப்பட்டது. போர்க்களத்தில் பழுதுபார்த்தவர்கள் கையில் கிடைத்த பாகத்தைப் பொருத்தினர். ஆகவே "ஸ்பிட்ஃபயர்" என்று பொதுவாக ஒன்றை அமைக்க முடியாது. தொடர் எண்ணுடன் குறிப்பிட்ட ஒரு வானூர்தியை, குறிப்பிட்ட ஒரு காலத்தில் அது இருந்தவாறே அமைக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் வானூர்தியை நேரில் அளப்பது அடுத்த வழி. இதிலும் எச்சரிக்கை தேவை. அருங்காட்சியகத்தில் நிற்பது பல வானூர்திகளின் பாகங்களைச் சேர்த்துச் சீரமைக்கப்பட்டதாக இருக்கலாம். இருக்கை ஒன்றிலிருந்தும் சக்கரம் வேறொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். வண்ணமோ பெரும்பாலும் பிற்காலத்தது. எனினும் உண்மைப் பொருளின் அருகில் நிற்பதற்கு ஈடு வேறில்லை. அப்துல் கலாம் தமது தன்வரலாறான அக்னிச் சிறகுகள் நூலில், சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. கல்லூரியில் மாணவர்களுக்கு விளக்குவதற்காக நிறுத்தப்பட்டிருந்த, பணிநீக்கம் செய்யப்பட்ட இரு வானூர்திகளைப் பற்றி எழுதியுள்ளார். மற்ற மாணவர்கள் விடுதிக்குச் சென்ற பின்னும் அவர் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். வானூர்தியின் துணையமைப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பது பாடநூற் படத்தில் புரிவதை விட அங்கே நன்கு புரியும்.

ஒளிப்படங்கள் மூன்றாவது சான்று. வில்லையின் அண்மையால் மூக்குப் பகுதி பெரிதாகவும் வால் சிறிதாகவும் தெரிவதால், படத்திலிருந்து நேரடியாக அளவெடுக்கக் கூடாது. சக்கரத்தின் விட்டம் போன்று முன்னரே அறிந்த ஓர் அளவை வைத்து, அதே தொலைவில் உள்ள பிற பாகங்களை மட்டும் கணக்கிடலாம்.

அளவு விகிதமும் எடையும்

நீளம் ஐந்தில் ஒரு பங்காகும்போது பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகவும், கனவளவு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காகவும் குறைகிறது. ஏறத்தாழ 2,550 கிலோகிராம் வெற்றெடை கொண்ட ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகையை அதே பொருள்களால் 1/5 விகிதத்தில் அமைத்தால் எடை 20 கிலோகிராம் அளவில் வரும். ஆனால் தடிப்புகள் அனைத்தையும் விகிதப்படி குறைக்க முடிவதில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு 0.2 மில்லிமீட்டராக வேண்டும். 3 மில்லிமீட்டர் தறையாணி 0.6 மில்லிமீட்டராக வேண்டும். 1/16 விகிதத்தில் அதே தறையாணி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும்; அதைக் கையால் பிடிப்பதே அரிது. உள்ளமைப்பையும் காட்ட விரும்புவோர் பெரிய விகிதத்தை நாடுவதற்கு இதுவே காரணம். தடையாக அமைவது இடம். இரண்டேகால் மீட்டர் இறக்கை அறையின் கதவு வழியாக வெளியே வருமா என்பதை முதலிலேயே அளந்துகொள்வது நல்லது.

கட்டமைக்கும் முறை

வானூர்தியின் உடற்பகுதி, வட்டத்தையோ முட்டை வடிவத்தையோ ஒத்த குறுக்குச் சட்டங்களையும், அவற்றை இணைக்கும் நெடுக்குச் சட்டங்களையும் கொண்டது. மாதிரியுருவிலும் இதே வரிசை பின்பற்றப்படுகிறது. முதலில் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் உருவமும் ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்டு, நேரான தாங்கு சட்டகம் ஒன்றில் உரிய இடைவெளிகளில் நிறுத்தப்படுகிறது. தாங்கு சட்டகம் கோணினால் பின்னர் எதையும் திருத்த இயலாது. எனவே அதற்கு நன்கு உலர்ந்த, முறுக்கேறாத மரம் தேவை. கொல்லிமலையில் அரியூர் நாடு முதலிய நாடுகளைக் கொண்ட மலைப்பகுதியில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக், ஒட்டுப்பலகை செய்யப் பயன்படும் மரங்களுள் ஒன்று. தாங்கு சட்டகத்துக்கு அது ஏற்றது. பால்சாவை விடப் பன்மடங்கு கனமானது ஆதலால் மாதிரியுருவின் உட்கருவுக்கு ஏற்றதன்று.

இறக்கையில் விலாச் சட்டங்களும் அவற்றைத் தாங்கும் முதன்மை உத்தரமும் உள்ளன. ஸ்பிட்ஃபயரின் உத்தரம் தனித்தன்மை வாய்ந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆன அது, உடலருகே தடித்தும், முனையை நோக்கிச் செல்லச் செல்ல ஒவ்வொரு குழாயாக முடிந்து மெலிந்தும் செல்கிறது. பளு மிகுந்த இடத்தில் மட்டுமே எடையை வைக்கும் இவ்வமைப்பை, பித்தளைச் சதுரக் குழாய்களால் அப்படியே மீள அமைக்கலாம். மூடிய பின் யார் கண்ணிலும் படாத இதற்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்ற வினா எழும். ஒரு பக்க இறக்கையை மூடாமல் விட்டு உள்ளமைப்பைக் காட்டுவோர் இவ்வினாவுக்கு ஆளாவதில்லை.

தகடு போர்த்துவதே மிகக் கடினமான கட்டம். இதற்குரிய தகடு ஆப்செட் அச்சகங்களில் கிடைக்கிறது. அச்சு முடிந்தபின் கழிக்கப்படும் அத்தகடுகள் 0.15 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியம் ஆகும். 1/5 விகிதத்துக்குக் கிட்டத்தட்டச் சரியான அளவு. நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அச்சாகும் சிவகாசியில் இத்தகைய தகடுகள் பழைய உலோகக் கடைக்குச் செல்பவை. அச்சுத் தகடு விறைப்பானது, வளைத்தால் மடிந்துவிடும். அதைப் பதப்படுத்த, மேற்பரப்பில் சோப்பைத் தேய்த்துச் சுடரை மெதுவாகக் காட்ட வேண்டும். சோப்பு கரிந்து பழுப்பாகிக் கருக்கும்போது சுடரை விலக்கிவிட வேண்டும். அலுமினியம் உருகும் முன் இரும்பைப் போலச் செந்நிறம் காட்டுவதில்லை ஆதலால், சோப்பே இங்கு வெப்பமானியாகிறது. பதப்பட்ட தகடு கைவிரலுக்கு வளைந்துகொடுக்கும். இருபுறமும் வளையும் மூக்குப் பகுதி போன்ற இடங்களுக்கு, மர அச்சின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டிப் பரப்புகின்றனர். தட்டத் தட்டத் தகடு மீண்டும் விறைப்பதால், இடையிடையே பதப்படுத்த வேண்டும். இம்முறை நம்மூர்க் கன்னார் பாத்திரம் தட்டும் முறையிலிருந்து வேறுபட்டதன்று.

தறையாணிகளின் தலை குவிந்ததா, தகட்டுக்குள் அமிழ்ந்ததா என்பது முக்கியமான விவரம். ஸ்பிட்ஃபயரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. தலை அமிழ்ந்த தறையாணி காற்றுத் தடையைக் குறைக்கும். ஆனால் செலவும் நேரமும் கூடும். எந்தெந்த இடங்களில் அது உண்மையிலேயே தேவை என்று அறிய, ஆய்வாளர்கள் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு தறையாணியின் மேலும் ஒட்டி, குவிந்த தலையைப் போலாக்கிப் பறக்கவிட்டனர். வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பின்னர்ப் பகுதி பகுதியாகப் பருப்பை நீக்கி மீண்டும் மீண்டும் பறந்து, எங்கே குவிந்த தலை போதும் என்று முடிவு செய்தனர். உண்மை வானூர்தியின் மேலேயே பருப்பால் மாதிரி செய்து பார்த்த நிகழ்வு இது. மாதிரியுரு அமைப்பவர் எல்லா இடங்களிலும் ஒரே வகைத் தறையாணியை இட்டால், அந்த ஆய்வின் பயனையே அழித்தவர் ஆவார்.

சுக்கான் போன்ற பகுதிகள் உலோகத்தால் அன்றித் துணியால் போர்த்தப்பட்டவை. அங்கே மெல்லிய துணியை இழுத்து ஒட்டி, விலாச் சட்டங்களின் மேல் தையல் வரியையும் காட்ட வேண்டும்.

சிறு பாகங்கள்

தரையிறங்கு சக்கரத்தின் கால், பொறியின் மூடிகள் போன்றவற்றைக் கடைசல் எந்திரத்திலும் (லேத்து) வார்ப்பிலும் செய்யலாம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் முறை சுவாமிமலைத் தெய்வப் படிமங்களால் தமிழர் நன்கறிந்தது; நுண்ணிய பாகங்களுக்கும் அதுவே ஏற்றது. கருவிப் பலகையின் முகப்புகளும் எச்சரிக்கைத் தகடுகளும் பித்தளையில் அரித்தெடுக்கப்படுகின்றன. மின்சுற்றுப் பலகை செய்யப் பயன்படும் பெரிக் குளோரைடு கரைசலே இதற்கும் பயன்படுகிறது. கண்ணாடிக் கவிகைக்கு, சூடாக்கி இளக்கிய அக்ரிலிக் தகட்டை மர அச்சின்மேல் படியவைத்து அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகின்றனர். அச்சில் ஒரு கீறல் இருந்தாலும் கவிகையில் பதிந்துவிடும். சக்கரங்களின் உருளிப்பட்டைகள் சிலிக்கோன் அச்சில் வார்க்கப்படுகின்றன.

நிறமும் குறியீடுகளும்

போர்க்கால ஒளிப்படங்களுள் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையானவை. அவற்றிலிருந்து நிறத்தை அறிவது இடர் மிகுந்தது. சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளில் சிவப்பும் மஞ்சளும் இருண்டு தெரியும். நீலம் வெளிறித் தெரியும். அரச வான்படையின் வட்டக் குறியைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் சில படங்களில் கறுப்பு வளையமாகத் தோன்றுவது இதனால்தான். எந்தப் படச்சுருளில் எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் நிறம் கூறக் கூடாது.

இந்தியப் பகுதியில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. சப்பானியரின் செவ்வட்டக் குறியுடன் குழப்பம் நேராதிருக்க, 1942 முதல் இந்திய-பர்மியப் போர்முனை வானூர்திகளின் வட்டக் குறிகளிலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. பின்னர் கருநீலமும் வெளிர்நீலமும் கொண்ட சிறு வட்டம் வழக்கிற்கு வந்தது. விடுதலைக்குப் பின் சில காலம் அசோகச் சக்கரக் குறியும், அதன்பின் காவி, வெள்ளை, பச்சை வட்டக் குறியும் இடம்பெற்றன. எனவே இந்திய வான்படை ஸ்பிட்ஃபயரை அமைப்பவர், 1944 ஆம் ஆண்டின் வானூர்தியை அமைக்கிறாரா, 1947-48 காசுமீர்ப் போரில் பங்கேற்றதை அமைக்கிறாரா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியா தொடர்பான வானூர்திகள்

தமிழ்நாட்டோடு பெயரளவில் தொடர்புடைய ஸ்பிட்ஃபயர்களும் உண்டு. அரச வான்படையின் 234 ஆம், 264 ஆம் படைப்பிரிவுகள் "சென்னை மாகாணம்" என்ற பெயரைத் தாங்கின. சென்னை மாகாணத்திலிருந்து திரட்டி அனுப்பப்பட்ட போர் நிதியை முன்னிட்டு இப்பெயர் இடப்பட்டது. 234 ஆம் படைப்பிரிவு 1940 இல் பிரித்தானியச் சண்டையில் ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்டது. 264 ஆம் படைப்பிரிவு டிஃபயன்ட் என்னும் இருவர் வானூர்தியைக் கொண்டிருந்தது. இவற்றுக்கு வரைபடங்களும் ஒளிப்படங்களும் போதிய அளவில் உள்ளன.

இந்திய வான்படையின் முதல் வானூர்தியின் நிலை வேறு. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் திரிக் சாலைத் தளத்தில் முதற் படைப்பிரிவு தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்தவை நான்கு வெசுட்லாண்டு வாபிட்டி வானூர்திகளே. 1927 இல் முதன்முதலாகப் பறந்த வாபிட்டி, முதல் உலகப் போரில் எஞ்சிய டி.எச்-9ஏ வானூர்தியின் பாகங்களைப் பயன்படுத்திச் சிக்கனமாக வடிவமைக்கப்பட்ட ஈரடுக்கு இறக்கை வானூர்தி. அதன் இறக்கை வீச்சு 14.15 மீட்டர், 1/6 விகிதத்தில் 2.36 மீட்டர். உலகில் எஞ்சியுள்ள ஒரே வாபிட்டி, தில்லி பாலம் தளத்திலுள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் எண் கே-813. அந்த ஒன்றை நேரில் அளக்காமல் வாபிட்டியைப் பற்றி எவரும் உறுதியாகக் கூற முடியாத விவரங்கள் பல உள்ளன.

லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்திகளின் கதை நேர்மாறானது. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர்களை எவரும் மீண்டும் பறக்கவிடக் கூடாது என்று பிரித்தானியர் சிதைத்துச் சென்றனர். இந்துசுத்தான் வானூர்தி நிறுவனம் அக்குவியலிலிருந்து நாற்பது அளவிலானவற்றைச் சீரமைத்துப் பறக்கவைத்தது. இந்திய வான்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியதால், இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களுள் பல இந்தியாவிலிருந்து சென்றவை. எண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்ததும் அவற்றுள் ஒன்று. அமெரிக்க வானூர்தி ஒன்றின் நுணுக்கங்களை அமெரிக்கரும் ஆங்கிலேயரும் அளந்தறிய இந்தியத் தொழிலாளரின் சீரமைப்பு உதவியது.

அவ்வாறு காப்பாற்றப்படாதது வல்ட்டி வெஞ்சன்சு. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் இவ்வானூர்தியை இந்திய வான்படையின் 7 ஆம், 8 ஆம் படைப்பிரிவுகள் 1943-44 இல் அரக்கான், இம்பால் போர்முனைகளில் பயன்படுத்தின. அதன் இறக்கை, செங்குத்தான பாய்ச்சலில் வானூர்தி விலகாமல் நேராக இறங்கும் வண்ணம், உடலுக்கு எவ்விதச் சாய்வுமின்றிப் பொருத்தப்பட்டது. இதனால் இயல்பாகப் பறக்கும்போது அதன் மூக்கு சற்று மேல்நோக்கி நிமிர்ந்தே இருக்கும். விமானிக்கு முன்பக்கப் பார்வை குறையும். இந்திய விமானிகள் போரில் ஓட்டிய இவ்வானூர்திகளுள் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. முழுமையாக எஞ்சியது ஆசுத்திரேலியாவில் உள்ள ஒன்றே. இறக்கை வீச்சு 14.63 மீட்டர் ஆதலால் 1/8 விகிதத்தில் 1.83 மீட்டர் வரும். இந்தியப் படைப்பிரிவின் வெஞ்சன்சை அமைக்க விரும்புபவர், ஆசுத்திரேலிய வானூர்தியில் எடுத்த அளவுகளையும், பராமரிப்பு நூலையும், படைப்பிரிவுகளின் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தொடங்க வேண்டும். வெஞ்சன்சில் பல வகைகள் இருந்தமையால், படத்தில் உள்ளது எவ்வகை என்பதைத் தொடர் எண்ணைக் கொண்டு உறுதி செய்த பின்னரே முதல் சட்டத்தை வெட்ட முடியும்.